படகில் ஏறும் கால்களுக்கு என்ன போடலாம்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், பிச்சாவரம் உப்பங்கழி ஓரக் குழுக்களின் ஊக்குநர்கள், பிரதிநிதிகளிடையே பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாத உறுப்பினர்களுக்குக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டவும்.)



இன்றைக்குச் சேமிப்பு, உள்கடன், தணிக்கை எதையும் பேசப் போவதில்லை. செருப்பைப் பற்றிப் பேசப் போகிறோம். "இதுக்கு ஒரு கூட்டமா?" என்று பின்வரிசையில் சிரிக்கிறது கேட்குது. சிரிங்க, பரவாயில்லை. ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டுச் சிரிங்க. நம்ம கூட்டமைப்பில் வலை வாங்கக் கடன் கொடுத்திருக்கோம். படகு பழுது பார்க்க, ஐஸ் பெட்டி வாங்க, நண்டு வலைக்கு நூல் வாங்கக்கூட கடன் கொடுத்திருக்கோம். தொழிலுக்குப் போகிற காலுக்கு என்று எந்தக் குழுவாவது இதுவரை ஒரு ரூபாய் கேட்டிருக்கிறதா? தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், இருக்காது.

நம்மில் பாதிப் பேர் தண்ணீரில் பிழைக்கிறவர்கள். சிலர் சின்னப் படகில் துடுப்பு போட்டுக் கழிக்குள் போய் நண்டு வலை வைக்கிறீங்க. சிலர் இடுப்பளவு தண்ணீரில் பறியை வாயில் கவ்விக்கொண்டு இறால் தடவுறீங்க. மட்டி பொறுக்கவும் ஆளி எடுக்கவும் போகிறவர்கள் இருக்கிறீர்கள். இப்போது புதிதாக இன்னொரு பேச்சும் வந்திருக்கிறது. சுற்றுலா வருகிறவர்களை நாமே படகில் வைத்து ஓட்டினால் என்ன என்று இரண்டு குழுக்கள் கேட்டிருக்கின்றன. நடக்காத காரியம் இல்லை. மகாராஷ்டிரத்தில் சிந்துதுர்க் மாவட்டம் வெங்குர்லாவில் சுவாமினி என்ற மகளிர் குழு 2017-இல் சதுப்புநிலக் காட்டுக்குள் துடுப்புப் படகு ஓட்டத் தொடங்கியது. மீன் குடும்பத்துப் பெண்கள்தான், நம்மைப் போல. ஆக, துடுப்பு பிடிக்கிற பெண்ணின் காலில் என்ன இருக்க வேண்டும் என்று இப்போதே பேசிவிடுவது நல்லது.

முதலில் படகைப் பார்ப்போம், ஏனென்றால் படகுக்குத் தகுந்த மாதிரிதான் காலணி. நம்ம ஊர் துடுப்புப் படகில் பலகையில் உட்கார்ந்து, காலை முன்னால் ஊன்றித் துடுப்பு வலிக்கிறோம். வெளிநாட்டில் 'கனூ' என்று சொல்வது ஏறக்குறைய இதே மாதிரி திறந்த படகுதான், ஒற்றை இலைத் துடுப்பு. அதில் முட்டி போட்டு உட்காருவதும் உண்டு. அப்போது கால்விரல் தரையில் மடங்கி இருக்கும். 'கயாக்' என்பது வேறு. ஒருத்தரோ இரண்டு பேரோ காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் இலை வைத்த துடுப்பால் மாறி மாறிப் போடுவது. பல கயாக்கில் உள்ளே இரண்டு பக்கமும் பாதம் வைக்க ஒரு மிதி இருக்கும். பலம் கையில் மட்டும் இல்லை, அந்த மிதியை அழுத்துகிற பாதத்திலும் இருக்கிறது. இதனால்தான் கயாக்கில் தடிமனான செருப்பு, குதிகால் உயர்ந்த செருப்பு, பெரிய ஷூ எல்லாம் ஆகாது. இடம் போதாது. அதைவிட முக்கியம், படகு கவிழ்ந்தால் கால் சட்டென்று வெளியே வரணும். தடித்த ஷூ மிதியில் சிக்கும், நாடா இருந்தால் அதுவும் சிக்கும். கயாக்குக்கு மெல்லிய அடி, காலோடு ஒட்டிய, நாடா தொங்காத காலணி போதும்.

சரி, கரையில் இருந்து படகுக்கும், படகில் இருந்து தண்ணீருக்கும் இறங்கும்போது என்ன? அங்கேதான் காயம் படுகிறது. படகில் உட்கார்ந்திருக்கும்போது யார் காலும் கிழிந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் தள்ளும்போதும்தான் கிழிகிறது.

நம்ம கழியை எடுத்துக்கொள்வோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற இந்தச் சதுப்புக் காட்டில் ஒரே இடத்தில் மூன்று விதமான தரை இருக்கிறது. சேறு. சேற்றுக்குள் பென்சில் மாதிரி குத்திட்டு நிற்கிற வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர். சுரபுன்னை வேரிலும் பாலத்துக் கல்லிலும் கத்தி மாதிரி ஒட்டியிருக்கிற ஆளிச் சிப்பி. இதில் சேறு காலணியை உருவப் பார்க்கும், சிப்பி காலணியைக் கிழிக்கப் பார்க்கும். இரண்டுக்கும் தாங்குகிற மாதிரி தேட வேண்டும்.

ஹவாய் ரப்பர் செருப்பு இதற்கு ஆகாது. சேற்றில் கால் வைத்ததும் செருப்பு கீழே நிற்கும், கால் மட்டும் மேலே வரும். படகில் ஈரம் பட்டால் பாதம் செருப்புக்குள்ளேயே வழுக்கும். சைக்கிள் டியூப்பை வெட்டிக் குதிகாலில் பட்டையாகக் கட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். நல்ல யோசனைதான், வெறும் ஹவாய்க்கு அது எவ்வளவோ மேல். ஆனாலும் விரல் முன்னால் திறந்துதான் இருக்கிறது. சிப்பி முதலில் கிழிப்பது விரலையும் பாதத்தின் ஓரத்தையும்தான்.

பழைய சேலைத் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு இறங்குவது நம் பாட்டி காலத்துப் பழக்கம். மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கிற பெண்களும் விரலுக்கும் காலுக்கும் துணி சுற்றுகிறார்கள். சின்னக் கீறலைத் துணி தடுக்கும். சிப்பி விளிம்பைத் தடுக்காது. அதோடு ஈரத் துணி காலோடு ஒட்டி, மண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு, நாள் முழுக்கத் தேய்க்கும்.

கம்பூட்டு பற்றிக் கேட்கிறீங்க. இறால் பண்ணை வரப்பில், கரையில் நிற்பதற்குக் கம்பூட்டு சரி. படகுக்கு வேண்டவே வேண்டாம். விழுந்தால் மேல்வாய் வழியாகத் தண்ணீர் நிறைந்துவிடும். தண்ணீருக்குள் கால் அடிக்க வராது, படகைப் பிடித்து ஏறப் பார்த்தால் இரண்டு காலிலும் குடம் கட்டின மாதிரி இழுக்கும். ஆழச் சேற்றில் இறங்கினால் பூட்டைச் சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்.

பின்னே எது? எங்கள் கணக்கில் நம்ம கழிக்கு ஏற்றது மழைக்காலத்துக்கு விற்கிற பிளாஸ்டிக் ஷூ. முன்பக்கம் மூடியிருக்கும், ஓரத்தில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கும், குதிகாலில் பட்டை அல்லது மூடிய பின்பக்கம் இருக்கும். தோல் கிடையாது, ஊறிப்போவதும் கிடையாது. கேன்வாஸ் ஷூவும் பரவாயில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாட்டுக்குப் போட்டுப் பழசான வெள்ளைக் கேன்வாஸ் வீட்டில் இருந்தால் வீசாதீங்க. அளவு சரியாக இருந்தால், நாடாவை எடுத்துவிட்டு இலாஸ்டிக் கோர்த்துப் போடலாம். ஊறினால் கனக்கும், காய நாள் ஆகும், அதுதான் குறை. பட்டை வைத்த 'ஃப்ளோட்டர்' சாண்டல் மணல் கரைக்கும் படகுக்கும் நன்றாக இருக்கிறது, சிப்பி இருக்கிற இடத்துக்கு விரல் மூடாததால் போதாது. 'அக்வா ஷூ' என்று துணி மேலும் ரப்பர் அடியுமாகக் காலுறை மாதிரி ஒன்று விற்கிறார்கள். கயாக்கில் உட்கார அதுதான் சுகம். ஆனால் சிலதில் அடி ரொம்ப மெல்லிசு. சிப்பி மேல் நின்றால் தாங்காது.

கடையில் எப்படிச் சோதிப்பது என்று சொல்கிறோம், கவனமாகக் கேளுங்க. செருப்புக்குள் ஒரு கையை விட்டுக்கொள்ளுங்க. அடிப்பக்கத்தில் வீட்டுச் சாவியை வைத்து அழுத்துங்க. உள்ளே இருக்கிற கைக்குச் சாவியின் முனை குத்தினால் அந்த அடி சிப்பிக்கு ஆகாது. அடுத்து, அடியில் நகத்தால் அழுத்துங்க. கல் மாதிரி இருந்தால் ஈரப் படகில் வழுக்கும். கொஞ்சம் மெத்தென்ற ரப்பரில் நெருக்கமான கோடுகள் இருந்தால் பிடிக்கும். மீன் சளியும் பாசியும் பிடித்த பலகையில் அதுதான் காப்பாற்றும். பிறகு போட்டுக்கொண்டு உட்கார்ந்து காலை உதறுங்க. கழன்று ஓடக்கூடாது. அதே சமயம் ஒரே கையால் கழற்றவும் வரணும். படகைப் பிடித்திருக்கிற இன்னொரு கையை விட முடியாதில்லையா? 'சர்ர்' என்று ஒட்டுகிற வெல்க்ரோ பட்டை சேறும் மணலும் புகுந்தால் ஒட்டாமல் போகும். பக்கிள் வைத்தது நல்லது. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். காசு நம்முடையது.

அளவு விஷயத்தில் ஒன்று. காலையில் இருக்கிற பாதம் சாயங்காலம் இருக்காது, நடந்தும் நின்றும் கொஞ்சம் வீங்கியிருக்கும். அதனால் சாயங்காலம் போய் வாங்குங்க. மெட்டி போட்டிருக்கிறவர்கள் மெட்டியோடு போட்டுப் பாருங்க. மெட்டியைக் கழற்றச் சொல்லி யாரையும் நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை. முன்பக்கம் குறுகலான ஷூவில் மெட்டி பக்கத்து விரலை அறுக்கும், அதற்காகச் சொல்கிறோம். முன்பக்கம் அகலமானதாக எடுங்க. தொங்கு மணி வைத்த கொலுசு நண்டு வலையில் மாட்டும். அதை மட்டும் கரையில் வைத்துவிட்டுப் போவது நல்லது.

இப்போது சேற்றில் கால் மாட்டினால் என்ன செய்வது? காலணியோடு மாட்டினால் ஒரே இழுப்பில் இழுக்காதீங்க, இழுக்க இழுக்க இன்னொரு கால் இறங்கும். படகின் விளிம்பைப் பிடித்து எடையை அதன் மேல் கொடுத்து, மாட்டின காலைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டினால் தண்ணீர் உள்ளே புகுந்து பிடி தளரும். படகு கிட்டத்தில் இல்லையென்றால் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து ஆட்டுங்க. வெள்ளம் ஏறுகிற நேரமாக இருந்தால் காலணி போகட்டும், கால் வரட்டும்.

திருக்கை பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. எந்தக் காலணியும் திருக்கை முள்ளை முழுக்கத் தடுக்கும் என்று நம்பாதீங்க. அது மணலில் புதைந்து கிடக்கும், நாம் மேலே மிதித்தால்தான் வாலைச் சுழற்றி அடிக்கும். அதனால் படகை விட்டு இறங்கினதும் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல், தரையோடு தேய்த்து நடக்கணும். கால் வருகிற அதிர்வுக்கு அது விலகிப் போய்விடும். அடித்துவிட்டால், பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில் 30 முதல் 90 நிமிடம் வரை காலை வைத்தால் வலி குறையும். கெளுத்தி முள்ளுக்கும் இதேதான். சூட்டைக் காயம்பட்டவர் சொல்லி முடிவு செய்யக்கூடாது. கூட இருக்கிறவர் தன் கையை விட்டுப் பார்த்துத்தான் ஊற்றணும். வலியிலும் மரமரப்பிலும் கால் வெந்துபோவது தெரியாது. அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் முள் உள்ளே முறிந்து கிடக்கிறதா என்று பார்த்து, தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் படுக்காதீங்க.

இந்த மரமரப்புதான் எங்களைப் பயமுறுத்துகிற விஷயம். சர்க்கரை நோய் நம் குழுக்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று மருத்துவ முகாமில் பார்த்தோமே. நாள்பட்ட சர்க்கரையில் பாதத்துக்கு உணர்ச்சி குறையும். கிழிந்தால் தெரியாது, ரத்தம் பார்த்தால்தான் தெரியும். சேற்றில் ரத்தமும் தெரியாது. நாங்கள் போய் வருகிற ஒரு ஊரில் ஒரு அக்காவுக்கு இப்படித்தான் ஆனது. ஆளி எடுக்கப் போனவர் காலில் சின்ன வெட்டு. மூன்று நாள் அதே காலோடு தண்ணீரில் இறங்கியிருக்கிறார். நாலாம் நாள் நாற்றம் வந்த பிறகுதான் மகள் பார்த்தாள். பெரியாஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். நாலு மாதம் தொழில் இல்லை. குழுக் கடன் தவணை நின்றது. பெரியாஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசு வாங்கவில்லை, ஆனால் பஸ், சாப்பாடு, துணைக்கு இருந்த மகளின் கூலி என்று போனது போனதுதான். அந்தக் குழு அவரை விட்டுக்கொடுக்கவில்லை, மாற்றி மாற்றித் தவணையைக் கட்டினார்கள். அது அவர்கள் பெருமை. ஆனால் அந்த நாலு மாதத் தவணையில் குழுவில் இருக்கிற எல்லோருக்குமே ஷூ வாங்கியிருக்கலாம் என்று அந்த ஊர் ஊக்குநரே கணக்குப் போட்டுச் சொன்னார்.

அதனால் சர்க்கரை இருக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறோம். வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கவே கூடாது. காலணிக்குள் கை விட்டு மண், கல், சிப்பித் துண்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துப் போடணும். திரும்பி வந்ததும் அடிப்பாதத்தைப் பார்க்கணும். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், இல்லை பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். காயம் இருந்தால் ஆறும்வரை தண்ணீர் வேலை கிடையாது. கரையில் இறால் தரம் பிரிக்கிற வேலையைக் குழுவில் மாற்றிக் கொடுங்க.

காயம் இல்லாதவர்களுக்கும் சேற்றுப்புண் வரும். மூடின காலணியை ஈரத்தோடு நாள் முழுக்கப் போட்டிருந்தால் வராமல் என்ன செய்யும்? கரை ஏறினதும் கழற்றி, நல்ல தண்ணீரில் காலையும் காலணியையும் கழுவி, விரல் இடுக்கைத் துணியால் ஒற்றி எடுங்க. காலணியை நிழலில் கவிழ்த்து வையுங்க. உச்சி வெயிலில் காயப் போட்டால் ரப்பர் வெடிக்கும், ஒட்டு விடும். மறுநாள் போடும் முன் தட்டி உதறிப் போடுங்க, தேளோ பாம்புக்குட்டியோ உள்ளே ஒண்டியிருக்கலாம். மழை வெள்ளத்துக்குப் பிறகு வாய்க்காலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் இருக்கிற கிருமி காலில் இருக்கிற கீறல் வழியாக ஏறலாம்.

ஆற்றில் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்து விட்டிருக்கும்போது தரை மணல்தானே என்று நம்பி இறங்கக்கூடாது, மணல் அள்ளிய பள்ளம் எங்கே என்று தெரியாது. ஓடுகிற தண்ணீரில் படகு கவிழ்ந்தால் உடனே எழுந்து நிற்கப் பார்க்காதீங்க. கால் கல்லுக்கோ வேருக்கோ இடையில் மாட்டினால் தண்ணீர் முதுகில் தள்ளிக் குப்புறச் சாய்த்துவிடும். மல்லாந்து, காலை முன்னால் தண்ணீர் போகிற பக்கம் நீட்டி, கட்டைவிரல் மேலே தெரிகிற மாதிரி மிதந்து, முழங்காலுக்குக் கீழே தண்ணீர் வந்த பிறகு எழுந்திருக்கணும். அப்போது பாறையில் இடிபடுவது காலணிதான். அதனால் ஆற்றுக்கு விரல் மூடின, குதிகால் பிடித்த ஷூவே சரி. மிதவைச் சட்டை போடாமல் நல்ல ஷூ மட்டும் போட்டுப் பயன் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

ஒகேனக்கல் பரிசல் பார்த்தவர்களுக்குத் தெரியும், மூங்கில் பின்னலுக்கு மேல் முன்காலத்தில் தோலும் இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் போட்டுத் தார் பூசியிருப்பார்கள். அதில் ஆணி அடித்த செருப்போ கூர் குதிகாலோ படகையே ஓட்டையாக்கும். ராமேஸ்வரம் பக்கம் பவளப்பாறையும் கடல் முள்ளெலியும் இருக்கிற இடத்தில் தடித்த அடி கட்டாயம். அங்கே போனால் பாறை மேல் நடக்காமல் இருப்பது பாறைக்கும் நல்லது, நமக்கும் நல்லது. குளிர்ப் பிரதேசத்து ஏரி, ஆறு என்றால் 'நியோபிரீன்' என்ற ரப்பர்த் துணியில் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் காலுறை மாதிரி ஷூ போடுகிறார்கள், உள்ளே புகுந்த தண்ணீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை. விளம்பரத்தைப் பார்த்து வாங்கிக் காசை வீணாக்காதீங்க.

கடைசியாக, போன கூட்டத்தில் ஒரு பாட்டி கேட்ட கேள்வி. "படகு நமக்குச் சோறு போடுது, அதுல செருப்போட ஏறலாமா?" படகுக்குப் பொட்டு வைத்துப் பூசை செய்கிற ஊர் நம்முடையது. அந்த மரியாதையை நாங்கள் குறைத்துப் பேச மாட்டோம். அந்தப் பாட்டிக்கு அங்கேயே பக்கத்தில் இருந்தவர் ஒரு வழி சொன்னார். எங்களுக்கும் அது சரியாகப் பட்டது. தெருவில் போடுகிற செருப்பு கரையோடு நிற்கட்டும். தண்ணீருக்கென்று தனியாக ஒரு ஜோடி, அது வீதிக்கே போகாது, தண்ணீரில் அலசிவிட்டுத்தான் படகில் ஏறும். படகு இன்னொருவருடையது என்றால் முதலில் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்க. பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் படகுக்குள் கழற்றி வைத்து, இறங்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்க. காயம் படுவது இறங்கும்போதுதான் என்று முன்னாலேயே சொன்னோமே.

இனி செய்ய வேண்டிய வேலை. படகுக்கும் வலைக்கும் கடன் விண்ணப்பம் எழுதும்போது தொழில் கருவி என்ற இடத்தில் காலணியையும் ஒரு வரியாகச் சேர்த்து எழுதச் சொல்லிக் கூட்டமைப்பு நிர்வாகக் குழுவிடம் கேட்டிருக்கிறோம். தனித்தனியாக வாங்காமல் மொத்தமாக வாங்கினால் விலை குறையும், அதற்கு அளவு வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் உறுப்பினர்களின் பாதத்தைப் பழைய செய்தித்தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து கொண்டுவரணும். இரண்டு காலையும் வரையுங்க, ஒன்று மற்றதைவிடப் பெரிதாக இருக்கும். சாயங்காலம், நின்றபடி, மெட்டியோடு வரையுங்க. தாளின் மேல் பெயரும் குழுவின் பெயரும், போகிற இடம் சேறா சிப்பியா மணலா என்பதையும் எழுதுங்க. சர்க்கரை இருக்கிறவர்கள் தாளில் 'ச' என்று ஒரு எழுத்துப் போட்டால் போதும். எழுதத் தெரியாதவர்களுக்கு ஊக்குநர் எழுதிக் கொடுக்கவும்.